தேடுபொறிகளுக்கு மார்க் போடும் மாமா

என் அக்கா வீட்டுக்காரருக்குக் குடிநீர் மீட்டர்களைச் சோதித்து முத்திரை வைக்கும் வேலை. அலுவலகத்தில் அவரை யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள அவர் பிடித்த வழி, சின்னச் சின்னத் தேடுபொறிகளுக்கு மார்க் போட்டுத் தன் இணையப் பக்கத்தில் வெளியிடுவது. பெரிய கம்பெனியிடம் பதிலை இரவல் வாங்கித் தருவதெல்லாம் அவருக்கு ஆகாது. இணையத்தைத் தானே சுற்றிப் படித்து, சொந்த அட்டவணை வைத்திருந்தால்தான் சேர்த்தி. அவர் பட்டியலில் அப்படி முப்பத்தொன்று இருந்தன.

சாப்பாட்டு மேசையில் பாதியை அவர் கம்ப்யூட்டர் அடைத்துக்கொள்ளும். அக்கா தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவாள். கெட்டிலில் படியும் வெள்ளைக் கறை எப்படிப் போகும், புறா ஏன் தலையை ஆட்டி நடக்கிறது என்ற ரகத்தில் பன்னிரண்டு கேள்விகள் வைத்திருந்தார். ஒவ்வொரு தேடுபொறியிலும் அவற்றை எழுத்து மாறாமல் தட்டுவார். முதலில் வருவது நல்ல பக்கமாக இருந்தால் பத்து மார்க்.

"நல்ல பக்கம்னு எப்படி மாமா முடிவு பண்றீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பார்த்தா தெரியும் மாப்ள. அதுக்கு ஒரு கண்ணு வேணும்."

நான் நூலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். வாசிப்பறையில் ஒரு சிறிய தேடுபொறியைப் போடலாம் என்று எங்கள் தலைமை நூலகர் நினைத்தபோது, சும்மா இருக்காமல் மாமாவின் பட்டியலைக் காட்டித் தொலைத்தேன். அதில் முதலிடம் எதுவோ அதையே போடுவது என்று முடிவானது.

எங்கள் நூலகத்துக்குப் பிரிண்டர் ரிப்பேர் செய்யும் ஒரு அம்மாவும் தேடுபொறி நடத்தினார். கடையின் பின்னறையில், டோனர் பெட்டிகளுக்கு நடுவே நான்கு பழைய கம்ப்யூட்டர்கள், ஆறு வருட உழைப்பு. "லைப்ரரியில போட்டா நாலு பேர் தேடுவாங்க. இல்லேன்னா மாசக் கடைசியில நிறுத்திடறேன் தம்பி. யாருமே தேடாம இது ஓடி என்ன பிரயோஜனம்?" என்றார். மாமா அதற்குப் போட்டிருந்தது பூஜ்ஜியம். கடைசி இடம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கெட்டில் கேள்வியை நானே தட்டிப் பார்த்தேன். அந்த அம்மாவுடையதில், வினிகர் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று ஒரு பாத்திரக் கடைக்காரர் எழுதிய பக்கம் முதலில் வந்தது. முதலிடம் பெற்றதில் மாமாவின் பக்கம் வந்தது. புறாவுக்கும் மாமா. பன்னிரண்டுக்கும் மாமாதான். கேள்விகளை வரிக்கு வரி தன் பக்கத்தில் போட்டு வைத்தால் வேறு என்ன வரும்? கறை போகும் வழி அங்கே ஒரு வார்த்தை கிடையாது. தன் முகம் தெரிந்த இடத்திலெல்லாம் மனுஷர் பத்து பத்தாக அள்ளிப் போட்டிருக்கிறார்.

அந்த அம்மாவுடையதில் மட்டும் மாமாவின் பக்கம் ஏன் வரவில்லை? அந்த அம்மாவிடமே கேட்டேன்.

"அவரு வேண்டாம்னு எழுதி வெச்சிருக்காரே தம்பி. தேடுபொறி எதுவும் என் பக்கத்தைப் படிக்கக் கூடாதுன்னு. அதுக்குன்னே ஒரு சின்ன ஃபைல் உண்டு. என் ப்ரோக்ராம் அதைப் பார்த்துட்டுத் திரும்பி வந்துடுச்சு. மத்தவங்க அதையெல்லாம் மதிக்கறதில்லை."

எனக்கு நினைவு வந்தது. தன் எழுத்தை எவனோ திருடுகிறான் என்று இரண்டு வருடம் முன்பு மாமா குதித்தாரே, அப்போது செய்த வேலை. யாருக்கு வேண்டும் அந்த எழுத்து?

அன்று சாயங்காலமே மாமா வீட்டுக்குப் போய், அக்கா காதிலும் விழட்டும் என்று எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன். மாமா முகம் ஒரு நொடி தொங்கிப்போனது. உடனே சுதாரித்துக்கொண்டார்.

"மத்த முப்பதும் வருதுல்ல? ஊரே உள்ள வரும்போது அவங்க மட்டும் வாசல்ல நின்னா அது என் தப்பா?"

"வராதேன்னு எழுதினது நீங்கதானே மாமா."

"போட்ட மார்க்கை மாத்தினா என் பட்டியலுக்கு என்ன மரியாதை இருக்கும் மாப்ள?"

அக்கா மடியிலிருந்த தட்டோடு எழுந்து உள்ளே போனாள்.

பட்டியல் குப்பை என்று நூலகரிடம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. சிபாரிசு செய்தவனே நான்தான். மாமாவைத் திட்ட எனக்குள்ள யோக்கியதை அவ்வளவுதான்.

மாதக் கடைசியில் அந்த அம்மா நான்கு கம்ப்யூட்டர்களையும் அணைத்தார். அடுத்த வாரம் மாமா தன் பக்கத்தில் நீளமாக ஒரு கட்டுரை எழுதியிருந்தார். வராதே என்று எழுதி வைத்தால் அதை மதிக்கிற நாணயமான தேடுபொறி ஒன்றாவது இருக்கிறதா என்று தேடினாராம்.

"இருக்கற முப்பதையும் சோதிச்சுட்டேன் மாப்ள. ஒண்ணுகூடத் தேறலை," என்றார், நிஜமான வருத்தத்தோடு.