ஓட்டை அடைத்த பால் டின்

மாணவர்களை அலையாத்திக் காட்டுக்கு அழைத்துப் போகும்போது, முழங்கால்வரை சேற்றில் புதைந்து நிற்கும் யாராவது ஒரு பிள்ளை, கடல் உயிர்களைப் பற்றிப் படிக்கும் ஆசை எனக்கு எப்படி வந்தது என்று கேட்கும். அறிவியல் ஆர்வம் என்று கௌரவமாகச் சொல்லிவைப்பேன். உண்மையில் அது ஒரு பால் டின்னில் தொடங்கியது.

கோலா சிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டம் எங்களுடையது, அதாவது, துரையுடையது. மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்வேலி, ஒரே ஒரு கேட். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, வெளியே போகிறவர்களைப் போலீஸ்காரர் தடவிப் பார்த்துத்தான் விடுவார். கடையில் பால் டின் வாங்கினால்கூடக் கடைக்காரர் மேலும் கீழும் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். யாரும் அதைப் பதுக்கிவைக்க முடியாது அல்லவா. பக்கத்து லயத்துக்காரர் ஒருவர் சட்டைக்குள் அரிசியோடு பிடிபட்டார். அவரைக் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டதாகப் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

என் கவலை வேறு. ஆற்று முகத்துவாரத்தில் நண்டு பிடிக்கப் போன அப்பா, மலாய்க்காரர்கள் பெலாச்சாக் என்று சொல்லும் மீன் ஒன்றை எனக்காகக் கொண்டுவந்திருந்தார். தண்ணீரை விட்டு வெளியே வந்து, சேற்றில் உட்கார்ந்து முழிக்கும் மீன். கரையில் எப்படி மூச்சு விடுகிறது? கண்ணை மூடுமா? சட்டிக்குப் பக்கத்திலேயே குந்திக் கிடந்தேன். அம்மாவுக்குத் தொந்தரவு தாங்கவில்லை. சில நாளில் மீன் சோர்ந்துபோயிற்று. உப்புத் தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும் என்று அழுதேன். ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்கே எடுத்துப்போய்த் தண்ணீர் மாற்றித் தருவதாக அப்பா ஒப்புக்கொண்டார்.

எதில் எடுத்துப்போவது? வீட்டிலிருந்த டின்னெல்லாம் ஓட்டை. நான் சும்மா இருப்பேனா? ஒரு டின்னின் மேல்மூடியைப் பிய்த்தெறிந்துவிட்டு, கோப்பையில் மிஞ்சிய ரப்பர் பாலை அடியில் ஊற்றிக் காயவைத்தேன். சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை. மீனையும் சேற்றையும் போட்டு வாயைத் துணியால் கட்டி, ஒன்றும் சொல்லாமல் அப்பாவின் சைக்கிளில் மாட்டி, நானும் ஏறிக்கொண்டேன்.

கேட்டில் போலீஸ்காரர் டின்னைத் தூக்கி அடியைத் தடவிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. அப்பாவை வேலியோரம் கையைத் தூக்கி நிற்கச் சொன்னார்கள். மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த கிராணி, தோட்டத்துக் கணக்கர், எழுந்து வந்தார்.

"ஓட்டைய யாருய்யா அடைச்சது? இதுக்கு என்னா அர்த்தம்னு தெரியும்ல?"

அப்பா டின்னைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாந்தாங்கய்யா அடைச்சேன். புள்ள மீன் வளக்குது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாடுபட்டு அடைத்தது நான், பேர் அவருக்கா? வாயைத் திறந்தேன். அப்பா என் காலை அழுத்தி மிதித்தார்.

"மீனா? தோட்டத்துல எவன்யா மீன் வளக்குறான்?" என்றார் கிராணி.

சேற்றுக்கு அடியில் அரிசி இருக்கும் என்று போலீஸ்காரர் துணியை அவிழ்த்து விரலை விட்டார். பெலாச்சாக் அவர் சட்டையில் பாய்ந்து, அங்கிருந்து கிராணியின் மேசைக்குத் தாவி, முழித்துப் பார்த்துவிட்டு வாய்க்காலுக்குள் மறைந்தது. கடலோரக் கம்பத்துக்காரர், அந்த மீனோடு வளர்ந்த மலாய்க் கிராமத்து ஆள் போலும், போலீஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். டின்னில் கத்தியால் மறுபடி ஓட்டை போட்டு எங்களிடமே கொடுத்தார். போகலாம் என்றார்கள்.

மீனும் போய், பேரும் போன ஆத்திரத்தில் ஆற்றுக்குப் போகும் வழியெல்லாம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தேன்.

"நான் அடைச்சத ஏம்ப்பா நீங்க அடைச்சேன்னு சொன்னீங்க?"

அப்பா சைக்கிளில் தொங்கிய டின்னின் அடியைத் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் அடைச்சிருந்த," என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நல்ல தார் ரோட்டில், என்னையும் ஏற்றிக்கொள்ளாமல், தானும் ஏறாமல், அவர் ஏன் சைக்கிளை ஊன்றுகோல்போலப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.