நீதிபதியை அதட்டிய அப்பா

எங்கள் வீட்டில் வீடியோ கால் வந்தால் ஆளாளுக்குத் தலையை நீட்டுவார்கள். மலேசியாவில், எங்கள் பெர்மாஸ் ஜெயாவில் எந்தத் தமிழ் வீட்டில்தான் நீட்டமாட்டார்கள்? ஆனால் அன்று வந்தது கோர்ட்.

என் விவாகரத்து வழக்கு தமிழ்நாட்டில் நடந்தது. மகன் என்னிடம் இருப்பதா, கணவரிடமா என்று அன்று விசாரணை. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அப்பாவிடமும் சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன். சொன்னால் கேட்கிற ஆளா அவர்?

"அவளுக்குப் பிள்ளையைப் பார்க்க நேரமே இல்லை" என்று கணவர் சொன்னதும் கதவு திறந்தது. பனியனும் கைலியுமாக அப்பா.

"அலமாக்! அடப்பாவி, வாயத் தொறந்தா பொய்யா? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்ப நீ எங்கடா போயிருந்த?"

"யார் அது? வெளியே போங்க" என்றார் நீதிபதி.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்கம்மா. இது எங்க குடும்ப விஷயம் லா."

எனக்கு மானமே போயிற்று. கணவரின் வக்கீல் விடுவாரா? "இந்த வீட்டுலதான் குழந்தை வளரணுமா, மேடம்?" என்றார்.

நீதிபதி குரலை உயர்த்தவில்லை. "இது நீதிமன்ற அவமதிப்பு. அவர் அங்கேயே உட்காரட்டும். கேமராவை அணைக்கக் கூடாது. கோர்ட் கலையறதுக்குள்ள விசாரிக்கிறேன்."

என் வக்கீல் போனில் விளக்கினார். கண்ணெதிரே அவமதிப்பு நடந்தால் அதே நீதிபதி அன்றைக்கே விசாரிக்கலாம். ஆளைப் பிடித்து வைக்கலாம். விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்துவிட்டு அபராதம் போடலாம். மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடலாம். "மலேசியாவுல இருக்கறவரைப் பிடிக்க முடியுமாங்கறது வேற விஷயம். உங்க பையனை நினைச்சுப் பாருங்க. மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்க."

அப்பா சட்டை போட்டுக்கொண்டு மடிக்கணினி முன் உட்கார்ந்தார். யார் யாருடைய வழக்குகளோ ஓடின. "பாத்ரூம் போலாமா?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். "பேசாம உட்காருங்க" என்று எரிந்து விழுந்தேன்.

கடைசியில் கூப்பிட்டார்கள். அப்பா எழுந்து கைகூப்பினார்.

"தப்புதாம்மா. கோவத்துல பேசிட்டேன், மன்னிச்சிடுங்க. என்னால பேரன் போயிடக் கூடாது. நான் இனி இந்த வீட்டுல இருக்க மாட்டேன். ஸ்கூடாய்ல என் மகன் வீட்டுக்குப் போயிடறேன்."

"அதை நான் கேட்கலைங்க" என்றார் நீதிபதி. மன்னிப்பை ஏற்று அவரை விடுவித்தார்.

எனக்கோ அப்பாடா என்றிருந்தது. மன்னிப்புக் கிடைத்ததற்காக அல்ல, அவர் போகிறேன் என்றதற்காக. சீ, நானும் ஒரு மகளா?

மகன் என்னிடமே இருக்கலாம் என்று பிறகு உத்தரவு வந்தது. அதற்கு முன்பே அப்பா துணிமணிகளை என் கண்முன்னால் பையில் அடுக்கிவிட்டார். நீதிபதியம்மாவே கேட்கவில்லையே, இருங்கப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கார் வரவழைத்துக் கொடுத்தேன்.