‘நல்லால்ல’ என்று சொன்ன ஜெயராணி

ஒத்தக்கடையில் பேருந்துக்காக நின்றிருந்தபோது ஜெயராணியின் மகன் ஆல்பர்ட் போனில் அழைத்தான். “அம்மா போயிருச்சு மாமா” என்றான். அவர்கள் வீடு இருக்கும் பழங்காநத்தத்துக்குப் போகும் பேருந்தைத் தேடி ஏறினேன்.

உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஜெயராணி சமைத்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நான் கேமராவுக்குப் பின்னால் நின்று பார்த்தவன். முதல் நாள் நண்டுக் குழம்பு. ருசி பார்த்துவிட்டு, கண்ணை மூடி, ‘பிரமாதம்’ என்று சொல்லவேண்டும் என்பது இயக்குநரின் உத்தரவு. ஜெயராணி ஒரு கரண்டி எடுத்து நாக்கில் விட்டார். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே என்னைப் பார்த்து, “நல்லால்லண்ணே. புளி தூக்கிருச்சு. இன்னொருக்கா வைப்போம்” என்றார். இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் அதை அப்படியே ஒளிபரப்பினோம். அன்றிலிருந்து ஊர் அவரை நம்பியது.

அவருடைய முதல் சமையல் புத்தகத்தைக் கல்யாணச் சீரோடு சேர்த்துக் கொடுத்தவர்கள் உண்டு. இரண்டாவது புத்தகம் பாதி எழுதியிருந்தபோது நாக்கில் புற்றுநோய் வந்தது. அறுவைச் சிகிச்சையில் நாக்கின் பெரும்பகுதி போய்விட்டது. நிகழ்ச்சிக்கு வேறொரு பெண் வந்தார்.

“ஆல்பர்ட் ருசி பார்த்துச் சொல்லட்டும், நீங்க புத்தகத்தை முடிங்க” என்றேன். அவர் குழறிப் பேசியதை ஆல்பர்ட்தான் எனக்கு எடுத்துச் சொன்னான்: “என் நாக்குல படாததுக்கு என் பேரப் போட முடியாதுண்ணே.”

ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்வந்து, அயிரைமீன் குழம்பு வைத்தார். எனக்கும் ஆல்பர்ட்டுக்கும் ஊற்றிக்கொடுத்துவிட்டு எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உப்பே இல்லை.

“நல்லாருக்கும்மா” என்றான் ஆல்பர்ட்.

அவர் மகனை வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டியோடு எடுத்துப்போய்க் கொட்டினார். அதற்குப் பிறகு அவர் அடுப்பங்கரைக்குள் போகவில்லை.

நோய் திரும்பி வந்தது. கடைசி மாதங்களில் மூக்கில் குழாய் வைத்துக் கஞ்சித்தண்ணீர் இறக்கினார்கள். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே குழறிக் கேட்பார், அது மட்டும் எனக்கே புரிந்துவிடும்: “என்ன சாப்ட்டீகண்ணே?” நான் சொல்லச் சொல்ல அவர் தொண்டை ஏறி இறங்கும்.

புத்தகம் பாதியிலேயே கிடக்கிறது. அதை முடிக்க யாரும் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றுதான்: நன்றாக இல்லாததை நன்றாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. தெருமுனைச் சுவரொட்டியில் ‘கர்த்தருக்குள் அமைதியாக நித்திரையடைந்தார்’ என்று அச்சடித்திருந்தார்கள். அமைதியாக இல்லை. ஜெயராணி பசியோடு போனார்.