கமெராவுக்குத் தப்பிய தாலி

தொண்ணூறுகளின் நடுவில் ரொறொன்ரோவை ஒட்டிய ஸ்காபரோவில் கலியாண வீடியோ எடுத்துத் திரிந்தவர்களில் நானும் ஒருவன். வார நாட்களில் பிளாஸ்ரிக் தொழிற்சாலை, சனி ஞாயிறில் கமெரா. ஓரிடத்தில் நிற்கத் தெரியாத ஆள் நான். பஸ் தாமதித்தால் பொறுக்காமல் அடுத்த தரிப்பிடத்துக்கு நடந்து, நடுவழியில் அதே பஸ்ஸைத் தவறவிடுவேன். அப்படித் தவறவிட்ட எரிச்சலில்தான் ஒருநாள் அஜின்கோர்ட் நூலகத்துக்குள் குளிருக்கு ஒதுங்கி, சும்மா கிடைக்கிறதே என்று ஓர் இத்தாலியப் படக் கசெற்றை எடுத்துவந்தேன்.

கறுப்பு வெள்ளைப் படம். மீன் விற்கிற ஒரு தாய் படம் முழுக்க நடக்கிறாள். முதல் பத்து நிமிடம் இயக்குநரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதற்குப் பிறகு தேநீர் போடக்கூட எழும்பவில்லை. அடுத்த கிழமை அவருடைய வாழ்க்கை வரலாற்றைத் தேடிப் பிடித்து, அகராதியும் கையுமாக வாசித்தேன்.

தகப்பன் முடிதிருத்துகிறவர். மகன் இருபது வயதில் சொந்த ஊரில் கலியாணப் படம் பிடித்துத் திரிந்தவர். அந்த வரியை வாசித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை, அட, நம்ம தொழில்தானே! போர்க்காலத்தில் அரசாங்கத்துக்குச் செய்திப் படம் எடுத்தார். தோற்ற ஊர்களை வென்ற ஊர்களாகக் காட்டிய அந்த வெட்கம் அவரைக் கடைசிவரை விடவில்லை. போர் முடிந்தபோது ஸ்ரூடியோவும் இல்லை, நடிகரும் இல்லை. தெருவில் நின்ற சனத்தை வைத்தே எடுத்தார், உலகம் தூக்கிக் கொண்டாடியது. பிறகு பெரிய நடிகையைப் போட்டு ஒரு பெரிய படம், அது படுதோல்வி. தயாரிப்பாளர்கள் கதவைச் சாத்த, பல வருடம் சவர்க்கார விளம்பரம் எடுத்துத்தான் வயிற்றைக் கழுவினார். எழுபது தாண்டி ஒரு சின்னப் படத்தோடு திரும்பி வந்தார். அவ்வளவு காலமும் ஒரே பிடிவாதம்தான். யாரையும் ஒரு காரியத்தை இரண்டாம் தரம் செய்யச் சொல்லமாட்டார்.

எங்கள் தொழிலோ அதற்கு நேர் எதிர். மாப்பிள்ளையைக் காரிலிருந்து மூன்று தரம் இறக்குவோம், கேக்கை நாலு தரம் ஊட்டச் சொல்லுவோம். புத்தகத்தை வாசித்த பிறகு நான் அதை நிறுத்தினேன். உவனுக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டது என்று சனம் சொன்னது. உண்மைதான், பிடித்திருந்தது.

அந்த மனிதர் ரொறொன்ரோவுக்கு வருகிறார் என்று நூலகப் பலகையில் அறிவித்தல் கண்டேன். ஞாயிறு மூன்று மணிக்கு, நகர மையத்துத் தியேட்டர் ஒன்றில் பழைய படமும் பேச்சும். அதே ஞாயிறு எனக்கு ஒரு கலியாணம் இருந்தது. மணப்பெண்ணின் தாய் தகப்பன் கொழும்பு லொட்ஜ் ஒன்றில் இருந்தார்கள், விசா இரண்டு தரம் மறுக்கப்பட்டிருந்தது. கலியாணத்தை நடத்திய தமையன் என்னிடம் ஒன்றுதான் கேட்டான்.

"அண்ணை, வேறை என்ன விட்டாலும் பரவாயில்லை. தாலி கட்டுறதை அப்பா பாக்கவேணும்."

முகூர்த்தம் பன்னிரண்டு மணிவரை. ஐயருக்கு அன்று ரெக்ஸ்டேலில் இன்னொரு கலியாணம், அதை முடித்துவிட்டு ஓடி வந்தபோது பதினொன்றரை தாண்டிவிட்டது. மணவறையில் எல்லாம் அவசரம், என் தலைக்குள் அதைவிட அவசரம். ஆசீர்வாத வரிசை தொடங்கியதும் கமெராவை என் அறைத்தோழனிடம் கொடுத்துவிட்டு ஓடுவதாகத் திட்டம். பன்னிரண்டரைக்குக் கிளம்பினால் பஸ், பிறகு சப்வே என்று கணக்குப் போட்டுக்கொண்டே நின்றேன். கெட்டிமேளம் முழங்க, சனம் எழும்பி அறுகரிசி எறிய, நான் பொத்தானை அமத்தினேன். கமெராவுக்குள் ஒரு மூலையில் நேரம் ஓடும். என் கண் அந்த எண்களில்தான் இருந்தது. தாலி ஏறி முடிந்து, நிறுத்துவதற்குத் திரும்ப அமத்தினேன். அப்போதுதான் பதிவாகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது.

முதலே ஓடிக்கொண்டிருந்த கமெராவை, தொடங்குகிறேன் என்று நினைத்து நானே நிறுத்தியிருந்தேன்.

கேக் என்றால் இன்னொரு தரம் ஊட்டலாம். கட்டிய தாலியை எந்த வாயால் கழற்றச் சொல்வது? அது எப்போது கழற்றப்படும் என்று அந்த மண்டபத்தில் தெரியாத ஆளில்லை. போட்டோக்காரரின் படத்திலும் மாப்பிள்ளையின் முதுகுதான் விழுந்தது என்று பிறகு அறிந்தேன். நான் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. தமையன் வந்து எல்லாம் சரியோ என்று கேட்டான், ஓம் என்றேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அதற்குப் பிறகும் நான் தியேட்டருக்குப் போனேன்.

கிழவர் மேற்சட்டைக்குள் பாதி மறைந்த சின்ன உருவம். அவர் இத்தாலிய மொழியில் சொல்ல, பக்கத்தில் ஒரு பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். சாகிற தாயின் கை மகனின் கையை விடுகிற புகழ்பெற்ற காட்சியைப் பற்றி யாரோ கேட்டார்கள். அது தாயாக நடித்த பெண்ணின் கையே இல்லை, அன்றைக்கு அவள் மீன் விற்கப் போய்விட்டாள், அது துணி தோய்க்கிற இன்னொருத்தியின் கை என்றார் அவர். பொய் சொல்லவேண்டி வந்தால் கமெராவைக் கிட்டக் கொண்டுபோவாராம், கிட்டப் போனால் யாருடைய கை என்று ஒருவருக்கும் தெரியாதாம். சபை சிரித்தது. அவர் சிரிக்காமல் மேலே ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் அதற்குள் எழும்பிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை மோர்னிங்சைட் தெருவில் இருந்த என் அறையில், முந்தைய மாதக் கலியாணம் ஒன்றிலிருந்து நாலு விநாடியை வெட்டி எடுத்தேன். அதே சிவப்புக் கூறை, இரண்டு கை, ஒரு கழுத்து, தாலிக்கொடி. மேளச் சத்தத்தை மேலே ஒட்டினேன். தமையன் பார்த்துக் கண் கலங்கினான். மணப்பெண்ணும் பார்த்தாள், தன் பின்கழுத்தை யார்தான் கண்டிருக்கிறார்கள்? கசெற் கொழும்புக்குப் போனது.

ஒரு மாதம் கழித்து எனக்குத் தொலைபேசி வந்தது. மணப்பெண்ணின் தகப்பன். மகனிடம் என் இலக்கத்தை வாங்கியிருந்தார். வடிவாக எடுத்திருக்கிறீர்கள் என்று முதலில் மரியாதையாகச் சொன்னார்.

"ஆனா தம்பி, அந்தக் கழுத்து என்ரை பிள்ளையின்ரை இல்லை. அவவுக்குப் பின்கழுத்திலை ஷெல் துண்டு பட்ட தழும்பிருக்கு. ரெண்டு மாசம் நான்தான் மருந்து கட்டினனான்."

பிள்ளைக்குச் சொல்லவேண்டாம் என்றார். மனைவிக்குக் கண் சரியில்லை, அவருக்கும் தெரியாது, ஒவ்வொரு நாளும் அந்த இடத்தையே போட்டுப் பார்க்கிறார் என்றார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்கள்தானே. கட்டேக்கை பிள்ளை அழுதவவோ, சிரிச்சவவோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

ஒரு சொல் போதும், எதைச் சொன்னாலும் அவர் நம்பியிருப்பார். இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நான் பாக்கேல்லை ஐயா" என்றேன். "மணி பாத்துக்கொண்டு நிண்டனான்."

"எனக்கு விசா தரேல்லை தம்பி" என்றார். "உங்களை ஆர் மறிச்சது?"