நான் கோப்பில் வைத்துவிட்ட தாள்

சபையாரே, சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலையில், என் மகளின் எதிர்காலத்தில் நானே இரண்டு துளை போட்டு வைத்திருந்ததைக் கண்டேன். அன்று முதல் வியாழக்கிழமை வரை பட்டதை இங்கே எழுதுகிறேன். அலங்காரம் சேர்க்கவில்லை. சேர்க்கவும் தெரியாது. முப்பத்தோரு வருடம் கல்வி இலாகாவில், தேர்வுப் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் நான்.

மலாய் மொழியில் தேறாதவருக்குப் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மின் சான்றிதழ் கிடையாது என்பது பழைய விதி. நான் பணியில் இருந்தபோது வரலாற்றுப் பாடத்தையும் அதோடு சேர்த்தார்கள். மற்ற எல்லாவற்றிலும் ஏ வாங்கினாலும் வரலாற்றில் தவறினால் முடிவுத் தாள் மட்டும்தான் கைக்கு வரும், சான்றிதழ் வராது. இந்த மாற்றத்தை விளக்கப் பள்ளி பள்ளியாகப் போனவர்களில் நானும் ஒருவன். தீவின் மறுகோடியில் இருக்கும் பாலிக் புலாவ் வரை போனேன். கேட்ட பெற்றோரின் முகம் வெளுக்கும். நான் அடுத்த பக்கத்தைத் திருப்புவேன்.

என் ஒரே மகள் பியூலா, நாற்பத்திரண்டு வயதில் எனக்குப் பிறந்தவள், வரலாற்றில் தவறினாள். உயிரியலில் ஏ. வரலாற்றில் ஜி. அந்த ஓர் எழுத்தைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தவள் மூன்று மாதம் சபைக்கு வரவில்லை. பலர் விசாரித்தீர்கள். காய்ச்சல் என்றேன். அது பொய். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அக்கரையில், பட்டர்வொர்த்தில் ஒரு தாதியர் கல்லூரி அவளுக்கு இடம் கொடுத்திருந்தது. சான்றிதழோடு வந்தால் சேரலாம், ஒரு வருடம் காத்திருப்போம், அதற்கு மேல் இல்லை என்று எழுதியிருந்தார்கள். வரலாற்றுத் தாளை மட்டும் மறுபடி எழுதினால் போதும். அதற்காகத்தான் பியூலா அறையை விட்டு வெளியே வந்தாள். சாப்பாட்டு மேசையில் புத்தகங்களைப் பரப்பினாள். ஒருநாள் ரசம் ஊற்றிக்கொண்டே மலாக்கா சுல்தான்களை வரிசையாக ஒப்பித்துச் சிரித்தாள். என் மனைவி ரெஜினா அடுப்படிக்குப் போய் அழுதாள். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு அத்தனை நாளாயிற்று.

மறுதேர்வுக்குப் பதியும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

"அப்பாவுக்குத் தெரியாத ஃபாரமா?" என்றாள் பியூலா.

இணையத்தில் பதிந்தேன். பதிவுத் தாளை அச்செடுத்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள். அந்தத் தாளை இலாகாவில் கொண்டுபோய்க் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். ஆயிரம் பேருக்கு நான் சொல்லிக்கொடுத்த விஷயம் அது.

அந்தத் திங்கட்கிழமை அவளுடைய தோழி ரேகா கைப்பேசியில் ஏதோ அனுப்பினாள்.

"அப்பா, ரேகாவுக்கு எப்பவோ ஸ்லிப் கெடச்சிருச்சாம். நம்மளது எங்க?"

"பைல்ல இருக்கும்மா," என்று எழுந்து போனேன்.

கோப்பைத் திறந்தேன். பதிவுத் தாள் மேலேயே இருந்தது. அசல். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் என் பச்சை மையில் ஒரு குறி. வலது மூலையில் என் சுருக்கொப்பம், தேதி. இடது ஓரத்தில் அளவெடுத்துப் போட்ட இரண்டு துளைகள். பதிவின் கடைசி நாள் வெள்ளிக்கிழமையோடு முடிந்துபோயிருந்தது.

எப்படி நடந்தது என்பது உடனே புரிந்தது. முப்பத்தோரு வருடம் தாள்கள் என்னிடம் வந்தன. சரிபார்ப்பேன், ஒப்பமிடுவேன், துளையிடுவேன், கோப்பில் வைப்பேன். அதோடு வேலை முடிந்தது. என் மகளின் தாளையும் அப்படியே முடித்துவிட்டேன். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவர் எப்போதும் வேறு யாரோ.

பியூலா என் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"இது இன்னும் இங்கயேவா இருக்கு?"

மூலையில் நான் போட்டிருந்த தேதியை எட்டிப் பார்த்தாள்.

"மூணு வாரமாப்பா?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "இனிமே எனக்காக எதுவும் செய்யாதீங்க," என்றாள். வரலாற்றுப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போய், பழைய பேப்பர் எடுப்பவருக்காகக் கட்டி வைத்திருந்த கட்டின்மேல் போட்டாள். அறைக்குள் போனாள். மத்தியானம் சாப்பிட வரவில்லை. ரெஜினா ஒரு கத்தி முனையால் அந்த அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கழற்றிய திருகாணிகளை என் கையில் கொடுத்தாள். அவள் உள்ளங்கைச் சூடு நான்கிலும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு இலாகாவுக்குப் போனேன். கவுண்டரில் ஓர் இளம் மலாய்ப் பெண். நான் யார், எந்தப் பிரிவில் இருந்தேன், எத்தனை வருடம் இருந்தேன் என்பதையெல்லாம் முதலில் சொன்னேன். அவள் மரியாதையாகக் கேட்டாள். பதிவாகிவிட்டதா என்று விசாரித்தாள். தாள் சேராமல் பதிவாகாது என்பது எனக்குத் தெரியுமே! "இன்னும் இல்லை," என்றேன். "தாமதப் பதிவுக்கு மேல்முறையீடு உண்டா?"

"இல்லை, ஐயா," என்றாள் மலாயில்.

ஒரு சுற்றறிக்கையை எடுத்துச் சொன்னேன். அது இரத்தாகிவிட்டது என்றாள்.

அன்று மாலை, இன்னும் பணியில் இருக்கும் என் பழைய சகா மணியத்துக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, நீங்களே இப்படிக் கேட்டா எப்படிலா? நீங்க இருந்தப்ப ஒருத்தருக்காச்சும் செஞ்சிருப்பீங்களா, சொல்லுங்க?"

ஒருமுறை கெப்பாலா பத்தாஸிலிருந்து ஒரு தாய் பஸ்ஸும் பெரிப் படகுமாக மாறி மாறி என் மேசைக்கு வந்தார். கடைசி நாள் கடந்து ஒருநாள் ஆகியிருந்தது. "ஐயா, புள்ள கெட்டுப்போவான் ஐயா," என்றார். விதியின் எண்ணைச் சொன்னேன். அவர் தமிழர்தான். அரசாங்கக் குரலாக ஒலிக்கட்டும் என்று மலாயில் சொன்னேன்.

புதன்கிழமை மறுபடி போனேன். அதே கேள்வி, அதே பதில். இம்முறை என் பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். ரெஜினா போன் செய்தாள்: "என்னங்க, ரெண்டு நாளா தண்ணியைத் தவிர ஒண்ணும் எறங்கல. எனக்குப் பயமா இருக்கு. சீக்கிரம் வந்துருங்க."

கார் நிறுத்துமிடத்தில், உச்சி வெயிலில், கண்ணாடியைக்கூட இறக்காமல் உட்கார்ந்தேன். அதுவரை என் ஜெபங்களும் அலுவலகக் கடிதங்கள்தான். பெறுநர், பொருள், ஒன்று, இரண்டு, மூன்று என்று கோரிக்கைகள். முடிவில் முன்கூட்டியே நன்றி. அன்று எதுவும் வரவில்லை. "ஆண்டவரே, எனக்குத் தெரியாது," என்றேன். மறுபடி சொன்னேன். எத்தனை முறை என்று நினைவில்லை. "எனக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளையைக் காப்பாற்றும்." அறுபத்தொரு வயதுவரை நான் யாரிடமும் சொல்லாத வாக்கியம் அது. குரல் எதுவும் கேட்கவில்லை. சமாதானமும் வரவில்லை. சட்டை மட்டும் நனைந்திருந்தது.

வீட்டுக்குப் போய், தாழ்ப்பாள் இல்லாத அந்தக் கதவருகே தரையில் உட்கார்ந்தேன். "தப்பு என்னோடதும்மா. ரெண்டு தடவை போய்க் கேட்டேன். முடியல. இனி என்ன செய்யறதுன்னு அப்பாவுக்குத் தெரியல. என்னை மன்னிச்சிரு."

உள்ளிருந்து குரல் வந்தது.

"அங்க போய் என்ன கேட்டீங்க?"

சொன்னேன்.

"ஃபாரத்தக் காட்டுனீங்களா?"

"இல்ல."

"கொண்டு போனீங்களா?"

"இல்லம்மா. நாள்தான் முடிஞ்சிருச்சே."

கதவு திறந்தது. மூன்று நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "அறிவாளி," என்றாள் என்னைப் பார்த்து. பிறகு, "நாளைக்கு நான் போறேன். நீங்க வாயத் தொறக்கக் கூடாது. கார்லயே இருங்க."

வியாழக்கிழமை கார்லயே இருந்தேன். நாற்பது நிமிடம். சபையாரே, பாவிகளுக்கென்று ஓர் இடம் இருப்பதாகப் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அங்கேயும் நிழல் இருக்காது என்று இப்போது நம்புகிறேன். நான் உதவி செய்யத் தடைவிதிக்கப்பட்டவன். ஜெபம் மட்டும்தான் அனுமதி.

பியூலா வந்தாள். கையில் ஒரு சீட்டு. ஒப்புகைச் சீட்டு.

"ஆன்லைன்ல பேரு இருக்கான்னு பாத்தாங்க. இருந்துச்சு. அப்பப் பதிஞ்சாச்சு, தாளை மட்டும் குடுன்னாங்க. கடைசி நாளுக்கு அப்புறம் ஒரு வாரம் வரைக்கும் வாங்குவாங்களாம். ஆனா எழுதப்போறவங்களே நேர்ல வந்து, ஏன் லேட்டுன்னு ஒரு லெட்டர் குடுக்கணுமாம். நாளையோட அதுவும் முடியுதுப்பா."

நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த மாற்றம். இணையத்தில் பெயர் ஏறினாலே இப்போது பதிவுதான். "இன்னும் இல்லை" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னவன் நான். தாமதப் பதிவு என்ற இல்லாத ஒன்றுக்கு நான் அனுமதி கேட்டேன், இல்லை என்றாள். அவள் சொன்னது சரி.

"லெட்டர்ல என்ன எழுதுன?" என்று கேட்டேன்.

"அப்பா பைல் பண்ணிட்டாருன்னு எழுதுனேன். அந்த அக்கா சிரிச்சிட்டாங்க. அவங்க அப்பாவும் ரிட்டயர்டாம்."

சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அவள் என் முதுகில் கை வைத்தாள்.

அது முன்பே இருந்த விதிதானே, இதில் கடவுள் எங்கே வந்தார் என்று சிலர் கேட்பீர்கள். பழைய நானாக இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். இன்னும் இரண்டு நாள் என் வழியில் போயிருந்தால் அந்த வாரமும் கடந்திருக்கும். என் வாயை அடைத்து, படுத்திருந்த பிள்ளையை எழுப்பி, உரிய நாளுக்குள் உரியவளை அந்தக் கவுண்டருக்கு அனுப்பியது யார்? என் வாயை அடைக்க ரெஜினா இருபத்தெட்டு வருடமாக முயன்றிருக்கிறாள். அவளைக் கேளுங்கள், இது அற்புதமா இல்லையா என்று.

பியூலா மறுதேர்வு எழுதினாள். தேறினாள். சான்றிதழை அவளே போய் வாங்கினாள். இப்போது காலையில் வெள்ளைச் சீருடையில் பெரி ஏறி அக்கரைக்குப் போகிறாள். நான் அவள் தாள்களைத் தொடுவதில்லை. காலையில் ஜெபிக்க உட்காரும்போது கையில் பட்டியல் வைத்துக்கொள்வதுமில்லை. தெரியாது என்று தொடங்குகிறேன். அந்த நாள் எப்படியோ நடக்கிறது, நான் போட்டிருக்கக்கூடிய திட்டத்தைவிட ஒழுங்காகவே.

உங்களில் விதியும் வழியும் தெரிந்தவர்கள், பதவியில் இருப்பவர்கள், இருந்தவர்கள், உங்களுக்காகத்தான் இதை எழுதினேன். ஆண்டவரிடம் வாருங்கள். ஒன்றும் தெரியாதவர்கள் ஏற்கெனவே முழங்காலில் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் நமக்கும் இடம் இருக்கிறது.