ஏலாது என்று அவர் சொன்னார்

அந்த அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம், வேலையில்லாதவர்களுக்குக் காசும் வேலையும் தரும் ஜொப்சென்ரரின் அலுவலர், முப்பது வயதுகூட இராத ஒரு ஜெர்மன் பெண். இந்தப் பக்கம் வேலை இழந்த ஒரு அண்ணை. இருவருக்கும் நடுவில், கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு நான். அண்ணை தமிழில் சொல்வதை ஜெர்மனில் சொல்லவேண்டும், அந்தப் பெண் ஜெர்மனில் சொல்வதைத் தமிழில் சொல்லவேண்டும். என் வேலை அவ்வளவுதான்.

அண்ணையை எனக்கு முன்பின் தெரியாது. இலங்கையில் சண்டை முடிந்த பிறகு இங்கே வந்தவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பத்து வருடத்துக்கு மேல் ஒரே உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவி, மரக்கறி வெட்டி, பிறகு அடுப்படிக்கு உயர்ந்தவர். முதலாளி கடையைப் பூட்டிவிட்டார். அண்ணையின் ஜெர்மன் சமையலறை ஜெர்மன். அடுப்பு, உப்பு, கெதியா, கவனம். அலுவலகத்துப் பேச்சு அவருக்கு ஓடாது என்றுதான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அந்தப் பெண் ஒரு தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். உறைந்த சாப்பாட்டுச் சாமான்கள் வைக்கும் குளிர்க் களஞ்சியம் ஒன்றில் ஆள் தேவை. முழுநேர வேலை. ஜெர்மன் அதிகம் தேவையில்லை, குளிருக்கான உடுப்பை அவர்களே தருவார்கள், பஸ்ஸும் வாசல்வரை போகும். நான் சொன்னேன். அண்ணை தாளைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அது ஏலாது, தங்கச்சி."

"ஏன் அண்ணை?"

"ஏலாது."

ஏன் என்று நான் கேட்டதே பிழை. உரைபெயர்ப்பாளர் கேள்வி கேட்கக்கூடாது, கேட்பது அலுவலரின் வேலை. அடுத்த தெர்மினுக்கு, வேறொருவரோடு குறித்த சந்திப்புக்கு, நேரமாகிக்கொண்டிருந்தது. பஸ்ஸைத் தவறவிட்டால் அரைமணி நேரம் நிற்கவேண்டும். எனக்குள் ஒரு எரிச்சலும் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் ஆட்களின் கலியாண வீடுகளில், சும்மா இருந்து அரசாங்கக் காசில் சாப்பிடுகிறவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போது, தலையாட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி. என் தாயும் தகப்பனும் ஒரு நாளும் ஒருத்தரிடமும் கை நீட்டவில்லை என்று சொல்லி வளர்த்தார்கள். ஒன்பது வயதில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, முதல் மூன்று வருடமும் சோஷல் என்ற அரசாங்க உதவிக் காசில்தான் நாங்கள் சாப்பிட்டோம் என்பதைக் கன காலம் கழித்துத்தான் பழைய கடிதங்களில் கண்டேன். ஆனாலும் வளர்த்த கதைதான் மனதில் நின்றது. வேலையைத் தட்டிக் கழிக்கிறவருக்குத் தண்டனை என்றால் அதில் என்ன அநியாயம் என்று நினைத்தவள் நான்.

"இந்த வேலை சரிவராதாம்" என்று ஜெர்மனில் சொன்னேன்.

அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் கேட்டது சரியான கேள்வி. அதை இன்றைக்கும் சொல்வேன். "அவரால் முடியாதா, அவருக்கு விருப்பமில்லையா?"

அதை நான் அண்ணையிடம் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். நான்கு சொல், நான்கு நொடி. கேட்கவில்லை. "வில் நிஹ்ட்" என்றேன். விருப்பமில்லை.

அவள் தட்டச்சு செய்தாள். தகுந்த காரணமில்லாமல் மறுத்தால் மாதக் காசில் வெட்டு விழும், தொடர்ந்து மறுத்தால் ஒரேயடியாக நிற்கவும் கூடும் என்று சட்டத்தைச் சொன்னாள். நான் தமிழில் சொன்னேன். அண்ணை "ஓம்" என்றார். வெளியே வந்ததும் எனக்கு நன்றி சொல்லி, எனக்காகக் கதவையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்று கிழமை கழித்து ஒரு கடிதத்தோடு, நான் வேலை செய்யும் ஆலோசனை நிலையத்துக்கு வந்தார். நீங்கள் அந்த வேலையை ஏற்க மறுத்ததாகத் தெரிகிறது, தண்டிக்கும் முன் உங்கள் விளக்கத்தைக் கேட்க விரும்புகிறோம் என்று அதில் இருந்தது. மரியாதையான கடிதம்தான்.

"காரணம் ஏதும் இருந்தா எழுதலாம் அண்ணை. நான் எழுதித் தாறன்."

அவர் தன் கைகளைப் பார்த்தார். "எழுத என்ன இருக்கு, தங்கச்சி."

"வருத்தம் ஏதும் இருக்கோ? நாரி நோ, மூட்டு நோ? டொக்டரிட்டக் கடிதம் எடுக்கலாம்."

"நோ ஒண்டுமில்லை."

"அப்ப வேலைக்குப் போறதுதான் நல்லது. இல்லாட்டி வெட்டுவினம்."

நல்ல மனதோடுதான் சொன்னேன். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "போய்ட்டு வாறன்" என்று எழும்பினார். விளக்கம் போகவில்லை. வெட்டு விழுந்தது. அடுத்த மாதம் அவர் தானாகவே அந்தக் களஞ்சியத்துக்குப் போய், இடம் இன்னும் இருக்கிறதா என்று தன் சமையலறை ஜெர்மனில் கேட்டிருக்கிறார். இருந்தது. சேர்ந்துவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணியிருக்கும், ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குத் தமிழ் உரைபெயர்ப்பாளர் உடனே தேவை என்று அழைப்பு வந்தது. போய்த் திரைச்சீலையை விலக்கினேன். கட்டிலில் அந்த அண்ணை இருந்தார். பஞ்சு வைத்துத் தைத்த நீல உடுப்பு. ஒரு காலில்தான் சப்பாத்து. கைவிரல்களில் தோல் உரிந்து இரத்தம் காய்ந்திருந்தது. களஞ்சியத்தின் உள்ளே அவர் நின்றபோது பெரிய கதவு தானாக மூடிக்கொண்டதாம். பக்கத்தில் பச்சைப் பொத்தான் இருக்கிறது, அமத்தினால் திறக்கும், அதை முதல் நாளே காட்டிக்கொடுத்திருந்தார்கள். அவர் பொத்தானைத் தொடவில்லை. இரும்பை விரல்களால் பிறாண்டியிருக்கிறார். இன்னொரு வேலையாள் வந்து திறக்க ஐந்து நிமிடம்தான் சென்றிருக்கும். திறந்ததும் ஓடி, வாகனம் நிற்கும் முற்றத்தில் விழுந்திருக்கிறார்.

டொக்டர் வயதானவர், அவசரப்படாதவர். என்ன நடந்தது என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அண்ணை விரல்களை உடுப்புக் கைக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு பேசத் தொடங்கினார்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. பேசுகிறவர் "நான்" என்றால் நாங்களும் "நான்" என்றுதான் சொல்லவேண்டும். அதனால் அந்தக் கட்டிலருகில் நின்று நான் ஜெர்மனில் சொன்னேன்: சண்டையின் கடைசி மாதத்தில் என்னைப் பிடித்தார்கள். ஒரு கொண்டெயினர் பெட்டிக்குள் ஏற்றினார்கள். நாங்கள் பதினொரு பேர் ஏறினோம். வெளியால் பூட்டினார்கள். பகல் முழுக்க வெயிலில் நின்றது. கதவைத் தட்டித் தட்டி என் விரல்கள் போய்விட்டன. திறந்தபோது ஏழு பேர் இறங்கினோம். என் மச்சான் இறங்கவில்லை. அவர் தலை என் மடியில் இருந்தது.

நான் சொன்னேன். என் வாயால், "நான்" என்று, "என் மடியில்" என்று. டொக்டர் என்னைப் பார்க்காமல் அண்ணையையே பார்த்துக்கொண்டு கேட்டார். அது நல்ல பழக்கம். ஆனால் அன்றைக்கு யாராவது என்னையும் பார்த்திருக்கலாம் என்று இருந்தது.

பிறகு அண்ணை மெதுவாகச் சொன்னார். "அதுதான் டொக்டர், பூட்டுற கதவு எண்டா எனக்கு ஏலாது." நான் அதையும் சொன்னேன். இந்த முறை பிழையில்லாமல்.

அடுத்த நாள் தெர்மின் இல்லாமலே ஜொப்சென்ரருக்குப் போய், அந்தப் பெண்ணைப் பார்க்கவேண்டும் என்று காத்திருந்தேன். நடந்ததைச் சொன்னேன். நீங்கள் கேட்டதை நான் அவரிடம் கேட்கவே இல்லை, பதிலை நானே சொன்னேன் என்றேன். அவளுடைய முகம் சிவந்தது. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள், தான் அன்றைக்கு எழுதியதைத் தேடி வாசித்தாள்போல. "எனக்குத் தெரிந்திருந்தால்…" என்று தொடங்கி நிறுத்தினாள். "எழுத்தில் தாருங்கள்" என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். டொக்டரின் கடிதமும் சேர்ந்தது. தண்டனையைத் திரும்பப் பெற்றார்கள், வெட்டியதையும் கொடுத்தார்கள். எனக்கு நிலையத்தில் ஒரு எச்சரிக்கைக் கடிதம். அது நியாயம்தான். ஆனால் என் தண்டனை ஒரு தாளோடு முடிந்தது. அவருடையது விரல்வரை போனது. அலுவலகம் காரணம் கேட்டது, அவரிடம் காரணமும் இருந்தது. ஆனால் மேசைக்கு முன்னால் சொல்லக்கூடிய காரணங்களைத்தான் அந்தச் சட்டத்துக்குத் தெரியும். நாரி நோவைச் சொல்லலாம். மடியில் இருந்த தலையை, பேர் தெரியாத ஒரு பிள்ளை தட்டச்சு செய்துகொண்டிருக்க, எப்படிச் சொல்வது?

அண்ணையிடம் நேரில் சொல்லவேண்டும் என்று அவருடைய வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. கழிப்பறைக் கதவைக் கழற்றிவிட்டு ஒரு சேலைத்துணியைத் தொங்கவிட்டிருந்தார். விரல்களில் கட்டோடு தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் குடிக்காமல் சொன்னேன். அண்டைக்கு ஏலாது எண்டு நீங்கள் சொன்னதை, விருப்பமில்லை எண்டு நான் சொல்லிப்போட்டன், அண்ணை.

"தெரியும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"வில் நிஹ்ட் எண்டா எனக்கு விளங்காதோ, தங்கச்சி? குசினியில பத்து வருசம் அதைத்தானே கேட்டனான். அடுப்புப் பத்தாட்டியும் வில் நிஹ்ட் எண்டுதான் முதலாளி கத்துவார்."

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?"

அவர் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படிச்ச பிள்ளை சொல்லுறீங்கள். அப்பிடித்தான் சொல்லவேணுமாக்கும் எண்டு நினைச்சன். ஏலாது எண்டு சொன்னா ஏன் எண்டு கேப்பினமே. விருப்பமில்லை எண்டா கேக்கமாட்டினம், வெட்டிப்போட்டு விடுவினம். அது பரவாயில்லை எண்டு இருந்திட்டன்."

என் தேத்தண்ணி ஆறிவிட்டது என்று வேறு ஊற்றப் போனார்.

இப்போதும் நான் அதே வேலைதான் செய்கிறேன். காலை பஸ் அந்தக் களஞ்சியத்தைக் கடந்துதான் போகிறது. இரண்டு கிழமை வேறு வழியால் போய்ப் பார்த்தேன், நேரம் ஒத்துவரவில்லை. வெள்ளைக் கதவுகள் வரிசையாகத் தெரியும். திறந்திருந்தால் பார்ப்பேன். மூடியிருந்தால், உள்ளே யார் என்று ஒரு கணம் நினைக்காமல் இருக்க முடியவில்லை. யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு மேசைக்கு முன்னால் ஒற்றைச் சொல்லோடு நிறுத்தும்போது அதை அலுவலரிடம் உடனே சொல்வதில்லை. திருப்பிக் கேட்கிறேன். சில அலுவலர்களுக்கு அது பிடிப்பதில்லை, நேரம் போகிறது என்கிறார்கள்.

அண்ணை வேறு உரைபெயர்ப்பாளரைக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கலாம், அந்த உரிமை அவருக்கு உண்டு. அடுத்த தெர்மின் தாளில் என் பேர்தான் இருந்தது. அவரே கேட்டாராம். அந்தப் பெண் இந்த முறை நகரசபைப் பூங்காக்களில் செடி பராமரிக்கும் வேலையைச் சொன்னாள். முழுக்க வெளியில்தான், மழையானாலும் வெளியில்தான் என்றாள். நான் ஒவ்வொரு வசனத்தையும் தனித்தனியாகச் சொன்னேன். அண்ணை "ஓம்" என்றார். கையெழுத்துப் போட்டார்.

அறையை விட்டு வெளியே வந்ததும், "நல்லாச் சொன்னீங்கள், தங்கச்சி" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். நான் அவரோடு பஸ் தரிப்புவரை நடந்தேன்.