வௌவால் பிடித்த கை

“வௌவால் தின்னவன்னு அவனச் சொல்லாத ஹேமலதா. அம்மாவாசை ஒரு துண்டுகூட வாயில வெச்சவன் இல்ல. தின்னது நீயும் நானும்.”

“அதெல்லாம் பழைய கதை ஆயா. இப்ப எதுக்கு?”

“பழைய கதையா? உம் பொண்ணு பூவிழிக்கு மூச்சு இழுக்கும்போதெல்லாம் எங்க வூட்டுப் பின்கட்டுக் கதவ யாருடி தட்டுனது?”

எதிர்வீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு குடத்தைத் தூக்கினாள். திருப்பிக்கொள்ளட்டும். நான் சொல்லாமல் விடப்போவதில்லை.

அம்மாவாசை என் வீட்டுப் பின்கட்டில் பதினோரு வருஷம் குடியிருந்தவன். தென்னை ஏறுவது தொழில். பெண்டாட்டி போன பிறகு தனியாள். நெல்லித்தோப்பில் எங்கள் தெரு மில்லுக்காரர்கள் தெரு. மில்லை மூடினார்கள், பஞ்சுத் தூசி மட்டும் ஆண்கள் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. என் வீட்டுக்காரர் உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். பழந்தின்னி வௌவால் கறி இரைப்புக்கு நல்லது என்று யாரோ சொல்ல, தெருவே நம்பியது. மரம் ஏறத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தானே? சேதராப்பட்டுப் பக்கம் பெரிய இலுப்பை மரம் ஒன்றில் அவை கறுப்புத் துணி காயப்போட்டதுபோலத் தொங்கும். ஏறிப் பிடித்து வருவான். கையெல்லாம் கடி. மஞ்சளை அப்பிக்கொண்டு சிரிப்பான்.

“நீயும் ரெண்டு வாய் தின்னேண்டா” என்றால், “போ ஆயா, மூஞ்சப் பாரு, நாய்க்குட்டி மாதிரி இருக்கு. எனக்கு எறங்காது” என்பான்.

அறுத்தது, மிளகு அரைத்தது, குழம்பு வைத்தது எல்லாம் இந்தக் கைதான். அப்படியும் என் மனுஷன் பிழைக்கவில்லை.

பிறகு கேரளாவில் நிபா காய்ச்சல் என்று டிவியில் வந்தது. வௌவாலைத் தொட்டவர்கள் ரத்தம் கொடுத்தால் நல்லது என்று சுகாதாரத்துறை ஆட்கள் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலம் என் வாசலில் தெருவே கூடியது. இந்த ஹேமலதாதான் முதலில் சொன்னாள்: “அம்மாவாசண்ணே, எல்லாருமா போவோம். தனியா ஒருத்தர் போனாத்தான் ஊரு பேசும்.” எல்லாரும் தலையாட்டினோம். நானும்தான்.

மறுநாள் ரேஷன் கடை எதிரில் முகாம். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினாள்.

“வௌவால் உடம்புல கிருமி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது, பறந்துட்டேதான் இருக்கும். நமக்கு வந்தாத்தான் ஆபத்து. பிடிச்சவங்க, அறுத்தவங்க யாரு?”

அம்மாவாசை எழுந்து போய்ச் சட்டையைச் சுருட்டிக் கையை நீட்டினான். கடித் தழும்புகளைப் பார்த்த டாக்டரம்மா, “வேற யாரும் இல்லையா?” என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். ஒருத்தரும் அசையவில்லை.

“நாங்கல்லாம் கோழிகூடத் தொடமாட்டோம் மேடம்” என்றாள் ஹேமலதா. நான் குனிந்து முந்தானையைச் சரி செய்துகொண்டிருந்தேன். அவன் பார்வை என்மேல் வந்து நின்றது எனக்குத் தெரியும்.

“வேற யாரும் இல்லம்மா” என்றான் அவன். ஒரு பேரைக்கூடச் சொல்லவில்லை.

அவன் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. டாக்டரம்மாவே தெருவுக்கு வந்து சொன்னாள். இரைப்புக்கு அந்தக் கறி மருந்தே இல்லை, இனிமேல் பிடிக்காதீர்கள் என்றும் சொன்னாள். யார் கேட்டார்கள்? அவன் இறக்கிய இளநீர் வேண்டாம் என்றார்கள். அவன் தண்ணீர் பிடித்துப் போன பிறகு குழாயைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார்கள். அந்த இலுப்பை மரத்தையே வெட்ட வேண்டும் என்று எங்கள் தெருக் கமலக்கண்ணன் மனு எழுதி வந்தபோதுதான் அவன் ஒரே ஒருமுறை குரலை உயர்த்தினான்: “அது நம்ம வூட்டுக்கா வந்துச்சு? நாமதானே போயி புடிச்சோம்!”

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் பின்கட்டிலிருந்து பிளீச்சிங் பவுடர் நெடி வந்தது. போய்ப் பார்த்தேன். தரையைக் கழுவிக்கொண்டிருந்தான். பையும் ஏறுகயிறும் கதவோரம் இருந்தன.

“என்னடா இது?”

“அடுத்தாப்புல குடி வர்றவங்க உன்ன ஒண்ணும் கேக்கக்கூடாதில்ல ஆயா. தவளக்குப்பத்துல ஒரு தோப்புல ஆள் கேட்டாங்க.”

“இருடா. நான் இப்பவே தெருவுல போயி சொல்றேன்.”

“இப்ப எதுக்கு?” துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான். “அன்னிக்கு முகாம்ல அவங்க வரமாட்டாங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும் ஆயா. நீ வருவேன்னு நெனச்சேன்.”

கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, ஈரத்தரையில் கால் படாமல் ஓரமாக நடந்து, வாசலைத் தாண்டிப் போனான்.